புங்கந்தளிர் நிறத்தில் ஒரு துண்டு

அன்று கலர் மாஸ்டர் என்னை நம்பினாரா, இல்லை எனக்குக் கீழ்ப்படிந்தாரா?

இரண்டு வருடமாக இதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. பாத்திரம் கழுவும்போது ஒரு பதில் தோன்றும். மகளைத் தூங்க வைக்கும்போது அதற்கு நேர்மாறாக இன்னொன்று தோன்றும். இரண்டில் எது எனக்கு வசதியானது என்று தெரிகிறது. எது உண்மை என்றுதான் தெரியவில்லை.

டிசைன் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் இந்தக் கதையில் பாதி ஏற்கெனவே தெரியும். சேர்ந்த முதல் நாளே மேனேஜர் உங்களை உட்கார வைத்துச் சொல்லியிருப்பார். ஒவ்வொரு புது ஆளுக்கும் சொல்கிறார். முன்பு இங்கே ஒரு கலர் மாஸ்டர் இருந்தார். கடைக்காரர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டில் தண்ணீர் பட விட்டுக் கெடுத்துவிட்டார். கெட்ட துண்டைப் பார்த்தே கலர் கலந்து, நாலாயிரம் மீட்டர் திரைச்சீலைத் துணியை வீணாக்கினார். அதனால்தான் இன்று ஒவ்வொரு துண்டும் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. இதுதான் மேனேஜர் சொல்லும் கதை.

இந்த மாதக் கடைசியோடு நான் வேலையை விடுகிறேன். மகளை எல்.கே.ஜி.யில் சேர்த்திருக்கிறேன், பன்னிரண்டரைக்கே பள்ளி விட்டுவிடுகிறது, அவள் அப்பாவுக்கு ஷிப்ட் வேலை. வேலையை விடுவது சரிதானா என்று இன்னும் தினமும் யோசிக்கிறேன், அது வேறு விஷயம். போவதற்கு முன் அந்தக் கதையை ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லி மேனேஜர் கேட்டார். இனி வருகிறவர்களுக்குப் படிக்கக் கொடுப்பாராம். "நீதாம்மா அப்போ கூட இருந்து பாத்தவ. நீ எழுதினாத்தான் சரியா இருக்கும்" என்றார். நான் "சரி சார்" என்றேன். யார் என்ன சொன்னாலும் என் வாயில் முதலில் அதுதான் வரும்.

எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. ஏனென்றால் அந்தத் துண்டைத் தண்ணீரில் போட்டது அவர் இல்லை. நான்.

இலையை எப்படி வரைவது, வரைந்த இலையை ஒட்டு தெரியாமல் துணி முழுக்க எப்படி ஓட விடுவது என்பதெல்லாம் இங்கே நான் சொல்லப்போவதில்லை. கம்ப்யூட்டரில் உங்கள் கை என்னைவிட வேகம். வெளியே இருக்கும் செடியையும் பூவையும் வீட்டுக்குள் கொண்டுவந்து ஜன்னலிலும் கட்டிலிலும் போடுவது நம் வேலை. அதைச் செய்யும்போது எந்த இடத்தில் மனுஷி தவறுகிறாள் என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

முதலில் மாஸ்டரைப் பற்றி. அவர் பெயரை எழுதப் போவதில்லை. மேனேஜரும் சொல்வதில்லை, ஆனால் அதற்குக் காரணம் வேறு.

நான் சேர்ந்து வரைந்த முதல் டிசைன் ஒரு படுக்கை விரிப்பு. அவரைக்கொடி. கொடி, இலை, ஊதாப் பூ, தொங்கும் காய். ஒரு மாதம் உட்கார்ந்து வரைந்தேன். மாதிரி அச்சடித்து வந்து பெரிய மேசையில் விரித்தார்கள். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். கலர் கிச்சனிலிருந்து மாஸ்டர் வந்தார். துணிக்கு அச்சிடும் கலரைப் பெரிய பெரிய டிரம்களில் கலக்கும் அறைக்கு நாம் அப்படித்தானே சொல்கிறோம். முழங்கை வரைக்கும் அவருக்கு ஊதா ஒட்டியிருந்தது. மேசையின் இந்தப் பக்கம் நின்று பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார்.

"ஏம்மா, இந்தப் பக்கம் எழுந்திரிக்கிறவனுக்குக் காய் தொங்குது. அந்தப் பக்கம் எழுந்திரிக்கிறவனுக்குக் காய் வானத்தப் பாத்து நிக்குது. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஒரே அவரக்கா கெடைக்க வேணாமா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கொடி முழுவதையும் ஒரே திசையில் ஏற விட்டிருந்தேன். படுக்கை விரிப்பை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு பக்கத்தில் மட்டும் நான் நின்றிருந்தேன். கண் கலங்கிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் அவரே டிபன் டப்பாவோடு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"எந்த ஊரும்மா நீ?"

"சாமல்பட்டிங்க."

"அட, நான் கல்லாவி. பக்கத்து ஊருப் பொண்ணா? அப்ப சிரிச்சது தப்பில்ல, விடு."

அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். எனக்கு எதையும் கற்றுக்கொடுக்க அவர் முயன்றதில்லை. கிண்டல் செய்வார், அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். நாலு பேர் இருக்கும்போது என்னை "மேடம்" என்பார். யாரும் இல்லையென்றால் "ம்மா." ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது வரும்.

வேலையில் அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. நினைவை வைத்துக் கலர் கலக்க மாட்டார். மாதிரிக்காகக் கொஞ்சமாகக் கலக்கும்போது எழுதி வைத்த அளவு, மெஷினுக்காக டிரம் டிரம்மாகக் கலக்கும்போது சரியாக வராது. துணி மாறியிருக்கும், தண்ணீர் மாறியிருக்கும். அப்போது ஒப்புக்கொண்ட துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதோடு ஒத்துப்போகும் வரை கூட்டிக் குறைத்துக் கொண்டுவர வேண்டும். "எனக்கு மேனேஜரும் தெரியாது, துணி வாங்குற பையரும் தெரியாது. துண்டு இன்னா சொல்லுதோ அதத்தான் கேப்பன்" என்பார்.

இனி அந்தப் பச்சை.

மார்ச் கடைசியில் ஊத்தங்கரை ரோட்டில் பஸ்ஸில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். நிலமெல்லாம் காய்ந்து கிடக்கும். புங்கமரம் மட்டும் தளிர் விட்டிருக்கும். எண்ணெய் தடவியதுபோல மினுங்கும் ஒரு பச்சை. பத்து நாள்தான். பிறகு அதுவும் மற்ற மரங்களைப் போல ஆகிவிடும். மகளை மடியில் வைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகும்போது பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து, அந்த டிசைனை மனதில் வரைந்துகொண்டே போனேன். திரைச்சீலை முழுக்கப் புங்கந்தளிர். வேறு எதுவும் இல்லை. வெயில் பின்னாலிருந்து விழுந்தால் ஜன்னலுக்கு வெளியே மரம் நிற்பதுபோல் இருக்க வேண்டும்.

பெங்களூரில் வீட்டு அலங்காரத் துணிக் கடைகள் நடத்தும் ஒரு நிறுவனத்துக்கு நான் வரைந்து காட்டிய டிசைன் பிடித்துவிட்டது. பச்சை சரியாக வந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். பச்சை வரவில்லை. ஒரு தடவை பாட்டில் பச்சை. ஒரு தடவை சுண்ணாம்பு கலந்ததுபோல. போட்டோவைக் காட்டினேன். மாஸ்டர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இது போனோட பச்சம்மா. மரத்தோடது இல்ல."

சனிக்கிழமை ஊருக்குப் போனவர் திங்கட்கிழமை காலை மற்றவர்கள் வருவதற்கு முன்பே நேராக என் மேசைக்கு வந்து டிபன் டப்பாவைத் திறந்தார். ஈரத் துணிக்கு நடுவில், பிந்தித் தளிர்த்த ஏதோ ஒரு மரத்தின் ஒரு கைப்பிடி புங்கந்தளிர்.

"சோறு எங்க மாஸ்டர்?"

"இன்னிக்கு நானும் ஆடும் ஒண்ணு. எலதான். சீக்கிரம் வாம்மா, மத்தியானத்துக்குள்ள கருத்துடும்."

அன்று மதியத்துக்குள் அந்தப் பச்சை வந்தது. அச்சடித்த துணியின் மேல் அவர் ஒரு தளிரை வைத்தார். எது துணி, எது இலை என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை கடைக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். துணியை ஜிக்ஜாக் கத்தரியால் இரண்டாக வெட்டி, ஒன்றை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நமக்கான துண்டை ஒரு வெள்ளை அட்டையில் பின் அடித்து, அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். பதிவு செய்வதற்காக அது முதலில் என் கைக்கு வந்தது. திங்கட்கிழமை கலர் கிச்சனுக்குப் போக வேண்டும்.

நான் அதை வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

அதைப் பெருமையாக நினைத்துத்தான் செய்தேன். நம் ஆபீஸ் விளக்கு ஒரு மாதிரி, வீட்டு விளக்கு ஒரு மாதிரி. இங்கே செங்கல் நிறமாகத் தெரிவது வீட்டு பல்பில் ஈரல் நிறமாகத் தெரியும். அதனால் மிச்சமாகும் மாதிரிகளை எல்லாம் வீட்டு ஜன்னலில் மாட்டிப் பார்ப்பேன். அந்தப் பழக்கம் தப்பில்லை, நீங்களும் செய்யுங்கள். ஆனால் ஒப்புக்கொண்ட துண்டு வாசலைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. அன்று கையில் வேறு மாதிரி இல்லை. பின்னைக் கழற்றி, அட்டையை மேசை டிராயரில் வைத்துவிட்டு, துணியை மட்டும் சாப்பாட்டுப் பைக்குள் மடித்து வைத்தேன். யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. பல் முளைக்கும் நேரம், காய்ச்சல், வயிறு சரியில்லை. சனிக்கிழமை முழுக்க இடுப்பை விட்டு இறங்கவில்லை. ஜன்னலில் மாட்டியிருந்த துண்டைப் பார்த்துக் கையை நீட்டினாள். கொடுத்தேன். மூக்கின் கீழ் வைத்துத் தேய்த்துக்கொண்டே தூங்கிவிட்டாள். இரண்டு நாளில் அவள் தூங்கியது அப்போதுதான். அதைக் கையிலிருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பாலை அதன் மேலேயே வாந்தி எடுத்தாள்.

அவள் பிறந்ததிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். அவள் உடம்பில் படும் எதையும் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் கிருமிநாசினி ஊற்றி ஊறவைப்பேன். டாக்டர்கூட ஒருமுறை, "இவ்வளவு வேணாம்மா, துணி கிழிஞ்சிடும்" என்று சிரித்தார். அன்று காலை படுக்கை விரிப்பு, அவள் கவுன், துடைத்த டவல் எல்லாவற்றையும் சுருட்டி வாளியில் போட்டேன். அந்த மாதிரித் துண்டும் உள்ளே போய்விட்டது. மொட்டை மாடியில் காயப்போடும்போதுதான் கையில் வந்தது.

மாதிரித் துண்டு அவசரத்தில் அச்சடிப்பது. பெரிய மெஷினில் சூடேற்றி நிறத்தைப் பிடிக்க வைப்பதுபோல் அதற்கு முழுதாகச் செய்வதில்லை. இது எனக்குத் தெரியும்.

பச்சை முழுவதும் போயிருந்தால் நல்லதாகப் போயிருக்கும். ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். அது போகவில்லை. மினுக்கம் மட்டும்தான் போயிருந்தது. பத்து நாள் கழிந்த புங்க இலை மாதிரி இருந்தது. வெயிலில் பார்ப்பதால் அப்படித் தெரிகிறதோ என்று நிழலில் வைத்துப் பார்த்தேன். ஈரத்தால் இருக்குமோ என்று காயும் வரை காத்திருந்தேன். சரியாகத் தூங்காத கண், அதை எப்படி நம்புவது என்றும் கேட்டுக்கொண்டேன். எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததைத் தெரியாததாக ஆக்கிக்கொள்ள அன்று ஒரு மதியம் போதுமானதாக இருந்தது.

திங்கட்கிழமை காலை அவள் துண்டை விட மறுத்துக் கத்தினாள். ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்கு வெட்டி அவள் கையில் கொடுத்தேன். மிச்சத்தை இஸ்திரி போட்டு எடுத்துப்போய், டிராயரிலிருந்த அட்டையில் பழைய ஓட்டைகளிலேயே பின்னைச் செருகினேன். செருகியதும் நேராக இருக்கிறதா என்று தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். இப்போது நினைத்தால் அதுதான் பயமாக இருக்கிறது.

காய்ச்சல் விட்டிருந்தது. எனக்கு லீவு மிச்சமில்லை. மருந்து கொடுத்து கேட் பக்கத்தில் இருக்கும் நம் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். காலையிலிருந்து போனை மேசையில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மதியம் மாஸ்டர் கூப்பிட்டனுப்பினார். கலர் கிச்சனில் அவரைத் தவிர யாரும் இல்லை. வழக்கம்போலத் தரையெல்லாம் தண்ணீர். அட்டையை ஜன்னல் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, இது அது தானா?"

"ஏன் மாஸ்டர்?"

"மினுங்கலியே. டிபன் டப்பால வந்த எல இது இல்லியேம்மா."

என் போன் அடித்தது. காப்பகத்து ஆயா. அவருக்குப் பதற்றம் வந்தால் கன்னடம்தான் வரும். "மேடம், பேகா பன்னி, பேகா பன்னி. பாப்பாக்கு ஒடம்பு நெருப்பா சுடுது, தண்ணிகூடக் குடிக்கல." சீக்கிரம் வாங்க என்கிறார். நான் கதவுப் பக்கம் திரும்பிவிட்டேன்.

"இதுதான் மாஸ்டர். அட்டையில கையெழுத்து இருக்குல்ல?"

"அது இருக்குது."

"அப்புறம் என்ன? இதையே மேட்ச் பண்ணுங்க."

அவர் துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சரிங்க மேடம்" என்றார்.

அறையில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் மேடம் என்றார். நான் அதைக் காதில் வாங்கிக்கொண்டே காப்பகத்துக்கு ஓடினேன்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. நெருக்கடி என்றால் மெஷின் நிற்பது, கடைக்காரர் கத்துவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் நெருக்கடி இரண்டு வாக்கியம் சொல்லும் நேரம்தான் இருந்தது. "மாஸ்டர், துண்டு நனைஞ்சுடுச்சு. கடைக்காரங்க துண்டக் கேட்டு வாங்கிப் பாத்துக்கலாம்." பெங்களூர் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு நாள் போயிருக்கும். ஒரு திட்டு விழுந்திருக்கும். இப்போதும் குழந்தையைக் காரணம் காட்டித்தான் எழுதுகிறேன் பாருங்கள். அவளுக்கு அன்று சாயங்காலமே காய்ச்சல் இறங்கிவிட்டது. அடுத்த நாள் காலையிலும் மெஷின் ஓட ஆரம்பிக்கவில்லை. அப்போதும் நான் சொல்லவில்லை.

நாலாயிரம் மீட்டரும் அச்சாகி பெங்களூர் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் கடைக்காரர்களின் ஆள் தங்கள் துண்டோடு வந்தார். மேனேஜர் அறையில் நாங்கள் நாலு பேர். இரண்டு துண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒன்று தளிர். ஒன்று இலை. குழந்தைகூடச் சொல்லிவிடும்.

"இது யார்கிட்ட இருந்துச்சு?" என்றார் மேனேஜர்.

"என் ரூம்லதான் சார்."

"தண்ணி பட்டிருக்குய்யா. நல்லா ஊறியிருக்கு. நீ பாக்கலியா?"

மாஸ்டர் அட்டையைக் கையில் எடுத்தார். திருப்பினார். ஓரத்தில் கட்டை விரலை ஓட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அட்டை வெள்ளை வெளேரென்று விறைப்பாக இருந்தது. கையெழுத்து கொஞ்சமும் பரவவில்லை. கலர் கிச்சனில் தண்ணீர் பட்டிருந்தால் துணியோடு அட்டையும் ஊறியிருக்கும். மேனேஜர் அதைக் கவனிக்கவில்லை. வந்தவரும் கவனிக்கவில்லை. மாஸ்டர் பின்னைப் பார்த்தார். நான்கு விரல் அகலம் குறைந்திருந்த ஓரத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

அட்டையை மெதுவாக மேசையில் வைத்தார்.

"நம்ம ரூம் அப்பிடி சார். எங்க பாத்தாலும் தண்ணி. பட்டிருக்கும்."

நான் "சார்" என்றேன். உண்மையாகவே சொன்னேன். குரல் வெளியே வந்தது. மேனேஜர் திரும்பி, "நீ போய் இவங்களுக்கு அடுத்த தேதி என்ன குடுக்கலாம்னு பாரும்மா" என்றார்.

"சரி சார்" என்று வெளியே வந்துவிட்டேன்.

அவரைக் கலர் கிச்சனிலிருந்து துணி மடிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். மற்றவர் கலக்கிய கலரை அவர் மடித்து அடுக்கினார். எதிரில் பார்த்தால் "நல்லா இருக்கிங்களா மேடம்" என்பார். பக்கத்தில் யாராவது இருப்பார்கள், அதனால்தான் என்று நினைத்துக்கொள்வேன். இரண்டு மாதம் கழித்து வேலையிலிருந்து நின்றுவிட்டார். யாரிடமும் சொல்லிக்கொண்டு போகவில்லை.

திருப்பி வந்த துணியை ஓசூரில் ரோட்டோரக் கடைகளில் குறையுள்ள துணி, செகண்ட்ஸ் என்று மலிவாக விற்றார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் அந்தத் திரைச்சீலை தொங்குகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் சங்கடம். "இந்தப் பச்ச எவ்ளோ அடக்கமா இருக்கு பாருங்க" என்று பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை சொன்னார். அவருக்கு நான் என்ன வேலை செய்கிறேன் என்று தெரியாது.

போன ஏப்ரலில் அம்மா வீட்டுக்குப் போகும் வழியில் ஊத்தங்கரையில் பஸ் மாற இறங்கினேன். மாஸ்டர் அங்கே ஒரு பெயின்ட் கடையில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அன்று சொல்லிவிடுவது என்றுதான் போனேன். பஸ்ஸில் வரும்போது வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"ஏம்மா! சாமல்பட்டி! வா வா வா" என்று கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். கை சுத்தமாக இருந்தது. அவர் கையை நான் நிறமில்லாமல் பார்த்ததே இல்லை.

"இங்க என்ன வேல மாஸ்டர்?"

"கலர் கலக்குறதுதான். ஆனா நான் கலக்கல, இதோ இது கலக்குது" என்று குலுங்கிக்கொண்டிருந்த ஒரு மெஷினைத் தட்டிக் காட்டினார். "நம்பர அடிச்சா சொட்டு சொட்டா அதுவே ஊத்தி, அதுவே குலுக்கிக் குடுத்துடும். பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல. கண்ணுக்கு லீவு."

சிரித்தார். நானும் சிரிக்க வேண்டியிருந்தது.

மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு கையில் அந்தத் துண்டு, மூக்கின் கீழ். அதற்கு இப்போது பச்சை என்று சொல்ல முடியாத ஒரு நிறம்.

"பாப்பா கையில இன்னா அது?"

"என் எல" என்றாள்.

"எலயா? குடு பாப்பம்."

அவள் அதை யாருக்கும் கொடுக்க மாட்டாள். அவள் அப்பாவுக்கே கொடுக்க மாட்டாள். அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கித் தெருப் பக்க வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். அன்று அட்டையைத் திருப்பியதுபோலவே திருப்பி, ஜிக்ஜாக் ஓரத்தில் கட்டை விரலை ஓட்டினார். மெஷின் குலுக்கி முடித்து நின்றது.

குனிந்து அவள் கையிலேயே வைத்து மூடினார். "கெட்டியா புடிச்சிக்கோ. யார் கேட்டாலும் குடுக்காத."

பிறகு என்னிடம், "டீ சொல்லட்டாம்மா?" என்றார்.

கடையில் அப்போது இரண்டு பேர் பெயின்ட் வாங்க நின்றிருந்தார்கள். ஆனாலும் அம்மா என்றார்.

"பஸ் வந்துடும் மாஸ்டர்" என்றேன். பஸ் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் போய் மகளோடு நின்றுகொண்டிருந்தேன்.

மினுக்கம் போயிருந்ததைப் பார்த்தும் என் சொல்லை நம்பிக் கலந்தாரா? இல்லை, மேடம் சொல்கிறாள், கையெழுத்து இருக்கிறது, நமக்கென்ன என்று கலந்தாரா? அந்த அறையில் அவர் பழியை எடுத்துக்கொண்டது பக்கத்து ஊர்ப் பெண்ணுக்காகவா, இல்லை தன் கண் சொன்னதை மீறிக் கலந்ததற்குத் தானே கொடுத்துக்கொண்ட தண்டனையா? தெரியாது. கேட்டால் சொல்லுவார். கேட்கத்தான் என்னால் முடியவில்லை.

இப்போது நீங்கள் எனக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

இதை வெளியே சொல்லலாமா வேண்டாமா என்று நான் கேட்கவில்லை. நீங்கள் படித்துவிட்டீர்கள், அது முடிந்துவிட்டது. யாரிடம் முதலில் என்பதுதான் கேள்வி. மேனேஜர் கேட்ட பக்கம் இதுதான், இதையே அவரிடம் கொடுத்துவிடலாம். புதியவர்களிடம் அந்தக் கதை சொல்வதை நிறுத்துவார். ஆனால் இங்கிருந்து யாராவது போன் போட்டு மாஸ்டரிடம் சொல்லிவிடுவார்கள். இரண்டு முறை வாய்ப்பு இருந்தும் என் வாயால் கேட்காததை அவர் யார் வாயிலிருந்தோ கேட்பார். சரி, முதலில் ஊத்தங்கரைக்குப் போகலாம் என்றால், அவர் என்ன சொல்வார் என்று எனக்கு இப்போதே தெரியும். "விடும்மா, பழைய கத" என்பார். மனதாரச் சொல்வார். நான் சரி என்பேன். அதோடு இந்தக் காகிதம் என் பையிலேயே தங்கிவிடும். மேனேஜர் அடுத்து வருகிறவர்களையும் உட்கார வைத்து அதே கதையைச் சொல்வார். என்னை எனக்குத் தெரியும்.

இரண்டு பக்கமும் நின்று பார்த்துவிட்டேன். இந்த விஷயத்தில் என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை. உங்கள் கண்ணுக்கு எது தெரிகிறதோ அதைச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் வரை என் மேசையில்தான் இருப்பேன். எனக்குப் பிடிக்காததாக இருந்தாலும் சொல்லுங்கள்.

சொல்லும்போது என்னை மேடம் என்று மட்டும் கூப்பிடாதீர்கள்.